பாரிவாக்கத்துக்கு ஒரு பிளின்ட் கண்ணாடி

வியாழக்கிழமை காலை 9.40, பருத்திப்பட்டு. இங்கிருந்து பாரிவாக்கம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். பூந்தமல்லி போகிற எந்த வண்டியில் ஏறினாலும், முன்னால் தண்ணீர் லாரி மாட்டாமல் இருந்தால், கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். நான் அந்தத் தூரத்தை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வழியாக ஒரு முழுப் பகலில் கடந்தேன். என் வயதுக்காரர்கள் காசிக்கும் கைலாயத்துக்கும் போய்வந்து கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தது பாரிவாக்கம்.

கையில் மூன்றடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே பித்தளைத் தொலைநோக்கி. அது என்னுடையது அல்ல என்பதுதான் இந்தப் பயணத்தின் காரணம். என் மகள் நித்யாவுக்கும், அவளுடன் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் தினேஷுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். தொலைநோக்கி தினேஷின் அப்பா பொன்னுரங்கத்துடையது. அவர் பாரிவாக்கத்துக்காரர், அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடியபோது ஏலத்தில் எடுத்த பொருள் இது. இந்தக் கல்யாணத்துக்கு எல்லோரும் தலையாட்டிய பிறகும் அவர் மட்டும் தலையைத் தூக்கியே வைத்திருந்தார். முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் இதில் நிலாவைக் காட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு வெளிச்சம். அது நிலாவா, தெருவிளக்கா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. "அற்புதம்!" என்றேன். பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன சொல்வான்? அன்றுதான் அவர் தலை கொஞ்சம் இறங்கியது. பிறகு எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்கு நிலா காட்டவேண்டும் என்று நான் வாய்விட்டதும், "வெளிய யாருக்கும் தந்ததில்ல. நீங்க இனிமே நம்ம ஆளு" என்று பெட்டியோடு கொடுத்தனுப்பினார்.

கொடுத்த அன்றே வானம் மூடிக்கொண்டது. நிலா காட்டும் விழா நடக்கவில்லை. பொருளைத் திருப்பிக் கொடுக்குமுன் துடைத்துக் கொடுப்பதுதானே மரியாதை? முன்பக்கத்து வளையத்தைத் திருகினேன். ஒரு லென்ஸ் வரும் என்று கையை நீட்டினால் இரண்டு வந்து விழுந்தன. ஒன்று நடுவில் புடைத்தது, மற்றது நடுவில் குழிந்தது. பழைய வேட்டியால் இரண்டையும் அழுத்தித் துடைத்து, வந்த மாதிரியே வைத்து மூடினேன். பால்கனியிலிருந்து ஏரியைப் பார்த்தேன். மரக்கிளையில் உட்கார்ந்திருந்த நீர்க்காகத்துக்கு ஒரு பக்கம் சிவப்புக் கரை, மறுபக்கம் நீலக் கரை. கல்யாணப் பட்டுப்புடவை கட்டிய காக்காய் மாதிரி இருந்தது. வளையத்தை இறுக்கினேன், தளர்த்தினேன், குழாயைத் தட்டினேன். காக்காய் புடவையை அவிழ்க்கவில்லை.

"கெடுத்துட்டீங்க" என்றாள் என் மனைவி சுகுணா, பார்க்காமலே.

"துடைச்சேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் தட்டு மாத்தணும். அதுக்குள்ள இது பழையபடி ஆகலேன்னா, நித்யாகிட்ட நீங்களே பேசிக்கோங்க."

எதிர்வீட்டு ஐ.டி. இளைஞர் இணையத்தில் தேடி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு முகவரி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கிகளுக்கும் நில அளவைக் கருவிகளுக்கும் லென்ஸ் பொருத்துகிற சிறு பட்டறை. காலையில் சரிசெய்து, அப்படியே பூந்தமல்லி சுற்றி, மாலையில் பாரிவாக்கத்தில் ஒப்படைப்பது என்று திட்டம். புறப்படும்போது சுகுணா பெட்டியைத் திறந்து, தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இருந்த சந்தில் ஒரு கிலோ நெய் லட்டுவை வரிசையாக அடுக்கினாள்.

"இது என்ன?"

"வாங்கின ஏனத்தை வெறுமனயா திருப்பிக் குடுப்பாங்க?"

"இது ஏனம் இல்ல சுகுணா. அறிவியல் கருவி."

"மூடி இருக்குல்ல? அப்ப ஏனம்தான்."

10.05. ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பெட்டியைக் கால் நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அண்ணாத்தே, பொட்டில இன்னா கீது? துப்பாக்கியா?"

"டெலஸ்கோப்."

"அத்த வச்சிகினு இன்னா பண்ணுவ?"

"நிலா பாக்கலாம்."

"நிலா சும்மாவே தெரியுதே, நைனா!"

வண்டியில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். எட்டாவது ஆளாக நானும் சேர்ந்துகொண்டேன். தனியாக முறைத்துக்கொண்டு உட்கார அந்த வண்டியில் இடம் கிடையாது.

10.40. ஆவடியில் அம்பத்தூர் தொழிற்பேட்டை பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பெட்டி மடியில் கிடந்தது. அதன் மறுமுனை பக்கத்து இருக்கைக்காரரின் மடியில். வெள்ளானூரில் புது வீடு கட்டுகிறவராம். திருமுல்லைவாயில் வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு மெல்ல, "ஆவணியில ஒரு தேதி காலியா இருக்குமா?" என்றார்.

"எதுக்குங்க?"

"கிரகப்பிரவேசம். ஒரு நாயனம், ஒரு தவில் போதும். ரொம்பக் கேக்காதீங்க."

நான் நாதஸ்வர வித்வான் இல்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. கூலி போதாமல் தட்டிக்கழிக்கிறேன் என்று எண்ணி, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் தாண்டும்போது சாப்பாடும் போக்குவரத்தும் சேர்த்துத் தருவதாக ஏற்றினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கலைக்கு ஒரு விலை ஏறிக்கொண்டே போனது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் முன்பணம் வாங்கியிருப்பேன்.

11.30. தொழிற்பேட்டையில் வழி கேட்டு நடந்தால், எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி இரும்புக் கதவு, ஒரே மாதிரி வாசல் வேப்பமரம், ஒரே மாதிரி காவலாளி, ஒரே மாதிரி "தெரியாது சார்." பட்டறைக்குப் பக்கத்து மனையில் பழைய பாட்டில்களை நிறம் பிரித்துக் குவித்திருந்தார்கள். பச்சை ஒரு குன்று, தவிட்டு நிறம் ஒரு குன்று, நிறமே இல்லாதது ஒரு மலை. ஊறுகாய், ஜாம், சாராயம் என்ற பேதமெல்லாம் அங்கே ஒழிந்து, நிறபேதம் மட்டும் மிஞ்சியிருந்தது. நிறமில்லாத பாட்டிலுக்கு அந்த வியாபாரத்தில் பிளின்ட் என்று பெயராம். அதற்கும் என் கதைக்கும் சம்பந்தம் இல்லை. தூரத்துச் சொந்தக்காரரைக் கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல இங்கே போட்டுவைக்கிறேன்.

பட்டறையின் உரிமையாளர் மேகலா என்ற அம்மாள். நாற்பது வயதிருக்கும். ஒரு காதில் போன், மறு காதில் நான்.

"டெலிவரி நாளைக்குத்தான்னு சொன்னேன்ல? உங்களுக்கு என்ன சார் வேணும்? போனை வைய்யா, கஸ்டமர் நிக்கறாரு. பெட்டியைத் தொறங்க."

திறந்தேன். அந்த அறையில் நெய் மணம் பரவியது. அவர் போனை வைத்துவிட்டார்.

"லட்டு ரிப்பேர் இங்க பண்றதில்ல சார்."

"அது சம்பந்திக்கு. இதுதான் ரிப்பேர்."

"லென்ஸு பக்கத்துல நெய்யா! கையைக் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு. இந்தப் பக்கம் எதையும் தொடாதீங்க."

கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் வளையத்தைக் கழற்றி இரண்டு லென்ஸையும் ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்திருந்தார். என் கையில் மெல்லிய உறை மாட்டிவிட்டு, குழிந்ததை என்னிடம் நீட்டினார். வாங்கியதும் கை ஒரு அங்குலம் தாழ்ந்தது. அளவுக்குப் பொருந்தாத கனம்.

"இதுதான் பிளின்ட்டு. பழைய ஐட்டம், ஈயம் போட்டது. அதான் இந்த வெயிட்டு. புடைச்சிருக்கறது கிரவுன், அது சாதாரணக் கண்ணாடி மாதிரி. நீங்க சயின்ஸா?"

"வரலாறு."

"பரவால்ல, சொல்றேன்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். சிக்கிமுக்கிக் கல்லை இடித்துப் பொடியாக்கிப் போட்டு ஒரு காலத்தில் காய்ச்சியதால் இதற்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு ஈயம் சேர்த்தார்கள். ஈயம் சேர்ந்ததும் கண்ணாடிக்கு மினுக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தை வாங்கினால் வளைத்து, ஏழாகப் பிரித்து இறைக்கும். நட்சத்திர ஓட்டல் சரவிளக்கில் தொங்கும் மணிகளும், தட்டினால் கணீர் என்கிற விலை உயர்ந்த கிண்ணங்களும் இந்தக் குடும்பம்தான். எக்ஸ்ரே அறையில் ஆள் நின்று பார்க்கிற ஜன்னல்கூட ஈயக் கண்ணாடி; கதிர்களை மறித்துக்கொள்ளும். இப்போதெல்லாம் ஈயத்தைக் குறைத்து வேறு உலோகம் சேர்க்கிறார்களாம்.

தொலைநோக்கியில் இதற்கு என்ன வேலை என்பதுதான் ஆச்சரியம். கிரவுன் லென்ஸ் தனியாக இருந்தால் நிறங்களைப் பிரித்துவிடும்; பார்க்கிற பொருளைச் சுற்றி வானவில் நிற்கும். அதற்கு எதிர்ப்பக்கமாகப் பிரிக்கிற பிளின்ட்டைப் பின்னால் நிறுத்தினால், அது பிரித்ததை இது சேர்த்துவிடும். பொருள் பொருளாகத் தெரியும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தலைவர் ஒரு சண்டைக்காரர். அவருக்கு எதிராக அதே தரத்தில் இன்னொரு சண்டைக்காரரைப் பொருளாளராகப் போட்ட பிறகுதான் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அறிவியல் எனக்கு இவ்வளவு எளிதாக அதற்கு முன் விளங்கியதில்லை.

"அப்ப ரெண்டும் இருக்கே, ஏன் கலர் வருது?"

மேகலா பிளின்ட்டின் ஓரத்தை விளக்குக்குக் காட்டினார். ஓரத்தில் மிளகு அளவுக்கு இரண்டு தகட்டுத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"இது மூணு இருக்கணும். ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல முக்காலி மாதிரி. ஒண்ணு இல்லேன்னா கண்ணாடி சாய்ஞ்சு உக்காரும். சாய்ஞ்சா ரெண்டுக்கும் சண்டைதான். எங்க சார் மூணாவது?"

வேட்டி நினைவுக்கு வந்தது. அந்த வேட்டியால் நான் துடைத்த வேகத்துக்கு லென்ஸே மிஞ்சியது பெரிய விஷயம்.

"அழுக்குன்னு நெனச்சு..."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்றார், கொலைகாரனிடம் வாக்குமூலம் வாங்கிய நிதானத்தோடு. புதிதாக மூன்று துண்டு வெட்டி ஒட்டி, வைத்து, ஆட்டி, மறுபடி வைத்து, சுவரில் ஒட்டியிருந்த ஒரு புள்ளியை அதன் வழியாகப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் ஆக்கினார். கடைசியில் அறுநூறு ரூபாய் என்றார். பிறகு பெட்டியைப் பார்த்து, "ஐநூறும் ரெண்டு லட்டும்" என்றார். கொடுத்தேன். பக்கத்து மனையின் பாட்டில் மலையை நானே தொலைநோக்கியால் பார்த்துச் சோதித்தேன். ஒரு ஜாம் பாட்டிலின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் துல்லியமாகத் தெரிந்தது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

மதியம் 2.15. தொழிற்பேட்டையிலிருந்து பூந்தமல்லி பன்னிரண்டு கிலோமீட்டர் என்றார்கள். வானகரம்வரை பஸ் ஓடியது. அதன் பிறகு நகர்ந்தது. பிறகு நின்றது. மெட்ரோ தூண்களை ஒவ்வொன்றாக எண்ணிக் களைத்து, தூண்கள்தான் என்னை எண்ணுகின்றன என்ற நிலைக்கு வந்தபோது பூந்தமல்லி வந்தது. வழி முழுதும் என் மனம் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்கின பொருள் பழுதில்லாமல் திரும்பப் போகிறது. வாங்கியதைவிட நன்றாகக்கூட இருக்கலாம். பொன்னுரங்கம் பார்ப்பார், தோளில் தட்டுவார், ஞாயிற்றுக்கிழமை தட்டு மாறும். லட்டில் இரண்டு குறைந்ததை மட்டும் சுகுணாவிடம் எப்படிச் சொல்வது என்பதே பாக்கி.

மாலை 4.50, பாரிவாக்கம். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். புது அடுக்குமாடிகளுக்கு நடுவே பொன்னுரங்கத்தின் இரண்டு மாடி வீடு. அவரே கதவைத் திறந்தார்.

"வாங்க சம்பந்தி! இன்னா, பருத்திப்பட்டுலேர்ந்து வர்றீங்கோ, மூஞ்சில இம்மாந்தூசி?"

"கொஞ்சம் சுத்தி வந்தேன்."

அவர் மனைவி லோகா லட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவற்றை எண்ணவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். பகல் இன்னும் போகவில்லை; ஆனாலும் மேலே அரை நிலா வந்து நின்றிருந்தது. அவர் தொலைநோக்கியைத் தாங்கியில் பூட்டி, சட்டையின் கையை மடித்து, கண்ணை வைத்தார்.

கண்ணை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணை வைத்தார்.

"சம்பந்தி, கலர் எங்க?"

"எந்தக் கலர்?"

"இன்னா எந்தக் கலரு? நிலாவுக்கு இந்தாண்ட சேப்பு, அந்தாண்ட நீலம் நிக்குமே! நீங்கதான் அன்னிக்குப் பாத்துட்டு அற்புதம்னீங்கோ! அதுதான் இந்த மிஷினோட விசேஷமே. இந்தத் தெருவே வந்து பாத்துட்டுப் போவும். இப்போ மொட்டையா, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீது!"

எனக்கு மொட்டைமாடி லேசாகச் சாய்ந்தது. நான் கெடுத்ததாக நினைத்த எதையும் நான் கெடுக்கவில்லை. வந்த மாதிரியே வைத்து மூடினேன் என்றேனே, அது அவ்வளவும் உண்மை. அவர் வீட்டுப் பெருமை சிவப்பும் நீலமுமாக என்னிடம் வந்தது. நான் அதை அம்பத்தூர்வரை தூக்கிப்போய், ஐநூறு ரூபாயும் இரண்டு லட்டும் கொடுத்து அழித்துவிட்டு வந்திருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு வர்றவங்க எல்லாரையும் மாடிக்கு இட்டாந்து காட்டறேன்னு சொல்லிக் கீறேன். என் மச்சான் திருத்தணிலேர்ந்து இதுக்குன்னே வர்றான். இன்னா பண்ணீங்கோ சம்பந்தி?"

அந்தத் தலை பழையபடி தூக்கிக்கொண்டது. கிரவுனையும் பிளின்ட்டையும் எடுத்துச் சொல்லலாம். அப்படிச் சொன்னால், 'நீங்கள் இத்தனை காலம் ஊருக்குக் காட்டியது பழுது' என்று சொன்னதாகும். மகளைக் கொடுக்கப்போகும் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டு யார் அதைச் சொல்வது? பழியை என் தலையிலேயே போட்டுக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுதான். துடைச்சுக் குடுக்கலாம்னு தொறந்தேன். உள்ள ஓரத்துல மூணு தகட்டுத் துண்டு இருக்குமாம். ஒண்ணை அழுக்குன்னு நெனச்சு நான் எடுத்துட்டேன் போல. அத அம்பத்தூர்ல குடுத்து..."

"நீங்களுமா?" என்றார்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டி மறைவுக்கு இழுத்துப்போனார்.

"சம்பந்தி, நீங்க எடுத்திருக்க முடியாது. அத்த நான்தான் எடுத்தேன். ஏலத்துல வாங்கின வாரமே தொறந்து, இன்னாடா இது அழுக்குன்னு நகத்தால சொரண்டுனேன். மூட்டிப் பாத்தா கலரு! பயந்துட்டேன். அன்னிக்குன்னு என் மச்சான் வந்தான், பாத்துட்டு ஆடிப் பூட்டான். 'மாமா, இன்னா மிஷினு!'ன்னான். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியாதுதான்."

"ஃபிட்டரு நானு. என் கையால ஒண்ணு கெட்டுதுன்னு வெளிய தெரியலாமா?"

"தெரியவே கூடாது."

"இத்தினி வருசமாவா?" என்றது ஒரு குரல். லோகா எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. தொலைநோக்கி அவர் கண்ணில் இருந்தது. ஆனால் அது நிலாவைப் பார்த்து நிற்கவில்லை. "ஆனா இப்போ நல்லாத்தான் கீது. எதிர் மாடில காயுற புடவை, அது என்னுதுதான். போன மாசம் காத்துல பூடுச்சுன்னு தேடினேன். ஜரிகைகூடத் தெரியுது."

"நீ கீழ போ. பெரியவங்க பேசறோம்."

"இன்னா பெரியவங்க! தொட்டிப் பின்னால ஒளிஞ்சிகினு! ஞாயித்துக்கிழமை உங்க கலரக் காட்டிக்கோங்க. திங்கக்கிழமை எனக்கு இந்த மாதிரியே திருப்பி வச்சுடணும்." புடவையைக் கேட்க அவர் இறங்கிப் போனார்.

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அந்தத் துண்டுல ஒண்ண எடுத்துட்டா, பழைய கலரு வருமா?"

"வரணும். சாய்ஞ்சா சண்டைதான்னு அந்தம்மா சொன்னாங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நான் வளையத்தைத் திருகினேன். அவர் இரண்டு கையையும் ஏந்தி, லென்ஸ்களைப் பிரசாதம்போல வாங்கினார். "சொரண்டுங்க" என்றார். "நீங்களே சொரண்டுங்க, அனுபவம் இருக்கு" என்றேன். "இல்ல, இந்தவாட்டி நீங்க" என்றார் விடாப்பிடியாக. அதில் ஒரு நியாயம் இருந்தது. மேகலா அம்மாள் ஒரு மணி நேரம் ஆட்டி ஆட்டி உட்காரவைத்த மூன்றில் ஒன்றை என் கட்டைவிரல் நகத்தால் நானே சுரண்டி எடுத்தேன். மூடினோம். அவர் கண்ணை வைத்தார்.

"வந்துடுச்சு!" என்றார். என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்து, கண்ணருகே கொண்டுபோனார். இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தேன். பாரிவாக்கத்து நிலா, இந்தப் பக்கம் சிவப்பும் அந்தப் பக்கம் நீலமுமாக, இழுத்துக் கட்டிய கல்யாணப் பந்தல்போல் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் "அற்புதம்" என்றேன்.

7.10. அவரே தெருமுனைவரை வந்து ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார். நேர்வழி. பருத்திப்பட்டுக்குப் பதினைந்து ரூபாய். ஊரைச் சுற்றி வந்தவனுக்கு நான்கு கிலோமீட்டர் நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரும் உட்கார்ந்து தட்டு மாற்றினார்கள், போட்டோகூட இருக்கிறது. ஆனால் அது ஊருக்காகச் செய்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பிளின்ட் கண்ணாடியை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வியாழக்கிழமையே நிச்சயம் பண்ணிக்கொண்டுவிட்டோம்.